பழைய பஞ்சாங்கமும் புதிய உபுண்டுவும்

கொக்குவிலில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. ஆறு பழைய லப்டொப், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஏ.எல் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே சனி, ஞாயிறுகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கென்று 2018இல் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு, அதனால் பிறகு அதைத் தொடவில்லை. புதுத் தொகுதி சேரும்போதெல்லாம் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

கடைசியாக வந்த தொகுதி நான்காம் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"சேர், நீங்கள் சொன்ன ஃபைலுக்குள்ள ஒண்டும் இல்லை. இங்கிலீஷில ஒரு வரி மட்டும் கிடக்கு," என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி.

"பேரைப் பிழையா அடிச்சிருப்பீர், வடிவாப் பாரும்," என்றேன்.

அவள் பிழையாக அடிக்கவில்லை. மென்பொருள் பொதிகளை எந்தச் சேவையகத்திலிருந்து இறக்குவது என்பதை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, 'சோர்சஸ் லிஸ்ட்' என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கும். நிறுவும்போது இடம் இலங்கை என்று கொடுத்தால் முகவரிக்கு முன்னால் 'எல்.கே' என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ளும். இலங்கைச் சேவையகம் மந்தமாக இருக்கிற நாளில் அந்த இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டால் முதன்மைச் சேவையகத்திலிருந்து இறங்கும். இதுதான் என் நான்காம் பக்கம். பிள்ளைகளின் கணினியில் இருந்ததோ உபுண்டு 24.04. அதில் அந்தப் பட்டியல் வேறொரு கோப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய கோப்பில் மிஞ்சியது, உபுண்டுவின் மூலங்கள் இன்ன இடத்துக்கு மாறிவிட்டன என்று சொல்லும் ஒரு வரி மட்டும். எழுதும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு எல்லாம் ஒரே நீட்டு வரி. இப்போது வகை, முகவரி, வெளியீடு, பிரிவு, கையொப்பச் சாவி என்று ஒவ்வொன்றும் தனி வரியில் தலைப்போடு வரும். டெப்822 என்று அதற்குப் பெயர். 1982இல் மின்னஞ்சல் தலைப்புகளுக்கு வகுத்த 822ஆம் இலக்க விதியின் வடிவத்தைப் பின்பற்றுவதால் அந்த எண்.

என் குறிப்பில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அது பிழையாகிவிட்டது. மென்பொருள் விளக்கங்களின் வில்லங்கம் முழுவதும் இதற்குள் அடக்கம்.

ஆவணம் என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதி. உறுதி பழசாகப் பழசாகப் பெறுமதி கூடும். பாட்டன் காலத்து உறுதியைத் தகரப்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவோம். கணினி ஆவணத்துக்கு இந்தக் குணம் கிடையாது. அது பஞ்சாங்கத்தின் சாதி. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் புதுப் பஞ்சாங்கம் வாங்காத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை பிடிப்பவர்கள்கூட, போன வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருடக் கலியாணத்துக்கு நாள் வைப்பதில்லை. அட்டையிலேயே வருடத்தின் பெயர் இருக்கிறது, ஏமாற வழியில்லை. உபுண்டுவும் தன் வருடத்தைப் பெயரிலேயே சுமக்கிறது. 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு நான்காம் மாதம். ஏப்ரலில் ஒன்று, ஒக்டோபரில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு வெளியீடு. இரண்டு வருடத்துக்கொருமுறை ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவு வெளியீடு, அதற்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆக உபுண்டுவின் பெரிய வெளியீடும் எங்கள் பஞ்சாங்கமும் ஒரே மாதத்துச் சரக்கு. என் குறிப்பின் அட்டையில் மட்டும் எந்த வருடமும் இல்லை. 'லினக்ஸ் அறிமுகம்' என்று ஏதோ சாசுவதமான விஷயம்போலப் போட்டிருந்தேன்.

இந்தப் பழசாதல் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உபுண்டுவின் தாய் நிறுவனமான கனோனிக்கலில் இருக்கும் டானியேல் புரோசிடா வகுத்த டியடாக்சிஸ் என்ற முறை, விளக்கங்களை நான்காகப் பிரிக்கிறது: கைபிடித்துப் பழக்கும் பாடம், ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்யும் வழி, பார்த்து அறியும் விவரத்தொகுப்பு, ஏன் எதற்கு என்று சொல்லும் விளக்கம். உபுண்டுவின் கையேடுகளே இப்போது இந்த அடிப்படையில்தான் ஒழுங்கு செய்யப்படுகின்றன. எழுதுகிறவர் எதை எங்கே வைப்பது என்று குழம்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. எனக்கு அதில் வேறொரு பயன் தெரிகிறது. கோப்புகளுக்கு ஏன் அனுமதிகள் தேவை என்ற விளக்கத்தை ஐம்பது வருடம் முன்பு எழுதியிருந்தாலும் இன்றைக்கும் படிக்கலாம். இந்தப் பொத்தானை அழுத்து, அடுத்த திரையில் இது வரும் என்கிற பாடம் ஆறு மாதம் தாங்கினால் பெரிய காரியம். திரையைப் படம் பிடித்து ஒட்டிய பக்கம் அதற்கும் முன்னரே கெட்டுவிடும், வெயிலில் வைத்த பால்போல. என் பன்னிரண்டு பக்கத்தில் இந்த நாலும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்து எடுக்கவே ஒரு முழு நாள் போனது.

கெட்டுப்போனவற்றில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைதன் என்ற நிரல்மொழியின் நூலகங்களைச் சேர்க்க 'பிப் இன்ஸ்டோல்' என்று அடித்தால் போதும் என்று எழுதியிருந்தேன். உபுண்டுவுக்கு மூலமான டெபியனின் 12ஆம் பதிப்பிலும் உபுண்டு 23.04க்குப் பிந்தியவற்றிலும் அது நடக்காது. இந்தச் சூழலை நிர்வகிப்பது வேறு ஆள் என்ற பொருளில் ஒரு செய்தி வந்து மறித்துவிடும். காரணம் நியாயமானது. இயங்குதளத்தின் பல கருவிகள் பைதனில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் நூலகத்தின் மேல் பிப் வேறொரு பதிப்பைக் கொண்டுவந்து வைத்தால் கணினியே தள்ளாடும். அதனால் பைதன் சமூகம் பெப் 668 என்ற விதியால் கதவைச் சாத்தியது. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுவதுதான் ஒழுங்கான வழி. ஆனால் தேடினால் முதலில் அகப்படும் பதில், கட்டளைக்குப் பின்னால் ஒரு வால் சேர்க்கச் சொல்கிறது. அந்த வாலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கணினியின் பொதிகளை உடை'. ஒரு பெடியன் அதை அப்படியே ஒட்டி, வேலை செய்கிறது சேர் என்று சந்தோஷமாகச் சொன்னான். பெயரை வாசித்தீரா என்று கேட்டேன். சிரித்தான். இப்போது பிள்ளைகள் தேடுவதையும் விட்டு ஏ.ஐயிடம் கேட்கிறார்கள். அதுவும் இந்தப் பழைய பக்கங்களைத் தின்று வளர்ந்த பிள்ளைதானே.

சரி, இந்த நோய்க்கு மருந்தே கிடையாதா? சில இயங்குதளங்கள் கண்டுபிடித்திருக்கின்றன, அதுவும் வெகு காலத்துக்கு முன்னரே.

லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்: பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள். கடைசியில் 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு. செய்தவனே தன் கருவியில் இன்ன குறை உண்டு என்று அச்சில் ஒத்துக்கொள்ளும் தலைப்பு அது. எங்கள் ஊரில் எந்தப் பொருளை வாங்கினாலும் அப்படி ஒரு தாள் கூடவே வருமா? இன்னொரு தலைப்பும் இருந்தது: 'உரிமையாளர்'. அந்தக் கட்டளைக்குப் பொறுப்பானவரின் பெயர்ச் சுருக்கம் அதில் இருக்கும். பக்கத்தில் பிழை கண்டால் யாரிடம் போவது என்று எல்லோருக்கும் தெரியும். பிந்திய பதிப்புகளில் அந்தத் தலைப்பு மறைந்துவிட்டது. என்னைக் கேட்டால் அதைக் கைவிட்டது நட்டம். யாருக்கும் சொந்தமில்லாத பக்கத்தை யாரும் திருத்துவதில்லை, பொதுக்கிணற்றுக் கப்பிபோல.

அந்தக் கட்டளைப் பக்கங்கள், கையேடு என்று பொருள்படும் 'மனுவல்' என்ற சொல்லைச் சுருக்கி மான் பக்கங்கள் என்கிறோமே, இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் அருமை எனக்கு விளங்கியது 2022 பங்குனிக் கடைசியில். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கோபுரங்களின் மின்கலமும் தீர்ந்து தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. லப்டொப்பில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குச் சார்ஜ் இருந்தது. ஒரு சேவையகத்தின் கோப்புகளைப் பிரதியெடுக்கும் கட்டளை எழுத வேண்டியிருந்தது. ஒரு தெரிவு மறந்துபோயிற்று. மானைத் திறந்தேன், இருந்தது. இணையம் வேண்டாம் என்பது பாதிச் சிறப்புத்தான். மீதிப் பாதி, அந்தப் பக்கம் என் கணினியில் இருக்கும் பதிப்புக்கே உரியது. கட்டளையும் அதன் விளக்கமும் ஒரே பொதிக்குள் சேர்ந்தே வந்து இறங்குகின்றன. தேடி எடுக்கும் பக்கமோ யாரோ எப்போதோ எந்தப் பதிப்புக்கோ எழுதியது. டெபியனின் கொள்கையில், ஒரு கட்டளைக்கு மான் பக்கம் இல்லாவிட்டால் அதுவே ஒரு வழுவாகக் கணக்கிடப்படும்.

இதை இன்னும் இறுக்கமாகச் செய்பவர்கள் ஓப்பன் பி.எஸ்.டிக்காரர். 1995இல் தியோ டி ராட் தொடங்கிய இயங்குதளம், ஆறு மாதத்துக்கொரு வெளியீடு. பாவிப்பவர் சிறு தொகையினர், ஆனால் அவர்களின் மான் பக்கங்களுக்குப் பெரிய மரியாதை. அங்கே விளக்கத்தில் உள்ள பிழையும் நிரலில் உள்ள பிழையைப் போலவே பார்க்கப்படுகிறது. ஒரு கட்டளையின் நடத்தையை மாற்றுகிறவர் அதன் பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நிரலை இன்றைக்கு மாற்றுவோம், எழுத்து வேலையை நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சு எடுபடாது. நாளைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அப்புறம், கேள்வி பதில் வடிவில் அவர்கள் தரும் விளக்கம் புதிய வெளியீட்டுக்கு மட்டுமே. பழசுக்கும் புதுசுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் 'இந்தப் பதிப்பென்றால் இப்படி, அந்தப் பதிப்பென்றால் அப்படி' என்று இழுக்கிற வழக்கம் இல்லை.

இன்னொரு இயங்குதளமான ஃப்ரீ பி.எஸ்.டியைப் பார்த்தால் தூரம் என்ன செய்யும் என்று விளங்கும். அதன் மான் பக்கங்கள் நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கின்றன. பேர்போன பெரிய கையேடோ தனிக் களஞ்சியத்தில், தனிக் குழுவிடம் இருக்கிறது. நிரலை மாற்றுகிறவருக்கு மான் பக்கம் அடுத்த வீடு, கையேடு அடுத்த ஊர். ஆகவே பிந்துவது எது என்று சொல்லத் தேவையில்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை. நெடுங்காலம் அந்தக் கையேடு டொக்புக் என்ற முறையில், அடைப்புக்குறி அடுக்கி எழுதப்பட்டது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வருகிறவரும் அந்தக் குறிகளை முதலில் படிக்க வேண்டும். 2021 தொடக்கத்தில் அதை முழுதாக அஸ்கிடொக் என்ற எளிய எழுத்துமுறைக்கு மாற்றினார்கள். லினக்ஸின் மையநிரலான கருவின் விளக்கங்களும் 2016இல் இப்படித்தான் டொக்புக்கை விட்டு வெளியே வரத் தொடங்கின. திருத்த வருகிறவரின் வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் பராமரிப்புத்தான். புதிதாக ஒரு அத்தியாயம் எழுதுவதைவிட அது பயன் தரும் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன வழக்கத்தைக் கிட்டப் பார்ப்போம். பி.எஸ்.டி மான் பக்கங்களின் மூலத்தில் ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் மான்டொக் என்ற சரிபார்ப்புக் கருவி, புது வாக்கியம் புது வரி என்று முறைப்பாடு வைக்கும். வாசிப்பவருக்கு இதில் வித்தியாசம் தெரியாது, பக்கம் உருவாகும்போது வரிகள் சேர்ந்து பத்தியாகிவிடும். பயன் திருத்துகிறவருக்கு. ஒரு பத்தியை நீட்டு வரியாக எழுதி அதில் ஒரு சொல்லை மாற்றினால், பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கொரு வரி என்றால் மாறிய வாக்கியம் மட்டும் தனித்துத் தெரியும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த வேலைதான் இது. அவருக்குச் செல்லரித்த ஏடுகள், இவர்களுக்கு ஒரு கட்டளை. பக்கத்தின் தலையில் கடைசியாகத் திருத்திய திகதியும் இருக்கும். உள்ளடக்கம் மாறினால் அந்தத் திகதியையும் மாற்ற வேண்டும் என்பது ஃப்ரீ பி.எஸ்.டியில் விதி. மறுபடி பஞ்சாங்க அட்டைதான்.

விதி இருந்தால் போதாது, ஆள் வேண்டும். லினக்ஸ் கருவுக்கும் சி என்ற நிரல்மொழியின் நூலகத்துக்கும் உரிய ஆயிரத்துக்கு மேற்பட்ட மான் பக்கங்களை 2004 முதல் பதினைந்து வருடத்துக்கு மேல் மைக்கேல் கெரிஸ்க் கவனித்துவந்தார். அவருக்குப் பிறகு பொறுப்பெடுத்தவர் அலெஹாந்திரோ கொலோமார். 2024 செப்டெம்பரில் அவர், சம்பளமில்லாமல் இனித் தொடர முடியாது என்று வேலையை நிறுத்தினார். உலகத்தின் பெரும்பாலான சேவையகங்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அவற்றின் நிரலர்கள் நாள்தோறும் திறந்து பார்க்கும் பக்கங்களுக்கு ஒரு மனிதன் ஓய்வுநேரத்தில் காவலிருந்திருக்கிறான். பிறகு சில நிறுவனங்கள் பணம் தர முன்வந்ததால் வேலை திரும்பத் தொடங்கியது. நிரல் எழுதுகிறவனுக்குக் கைதட்டல், மான் பக்கம் திருத்துகிறவனுக்குத் தேநீர்கூட இல்லை என்பது எல்லா நாட்டிலும் ஒரே கதைபோலிருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். மேலே சொன்ன சிக்கல் எல்லாம் இங்கே இரட்டிப்பு. ஆங்கிலப் பக்கம் நிரலுக்குப் பின்னால் ஓடுகிறது, தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்துக்குப் பின்னால் ஓடுகிறது.

மென்பொருளின் திரைச்சொற்களை மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மூலவாக்கியம் மாறினால் அதற்கான பழைய மொழிபெயர்ப்பின் தலையில் 'மங்கல்' என்று ஒரு குறி விழும். குறி விழுந்த மொழிபெயர்ப்பைக் கருவி எடுத்துக்கொள்ளாது, திரையில் ஆங்கிலமே தெரியும். தமிழ் மெனுவுக்கு நடுவில் திடீரென்று ஒரு ஆங்கில வரி எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரைகுறை வேலை என்று ஏசுகிறோம், ஆனால் பிழையான தமிழைக் காட்டுவதைவிடச் சரியான ஆங்கிலத்தைக் காட்டுவது மேல் என்று யோசித்துச் செய்த காரியம் அது. நீண்ட விளக்கப் பக்கங்களை மொழிபெயர்க்க உதவும் பி.ஓ.ஃபோர்.ஏ என்ற கருவி இன்னும் கறார். ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்த பங்கு நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனால், வேறு விதமாகச் சொல்லிவைக்காவிட்டால், அந்தப் பக்கத்தையே உருவாக்காது. மூலம் மாறிக்கொண்டே இருக்க, மொழிபெயர்ப்பவர் இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காவிட்டால், பக்கம் தானாகவே மறைந்துவிடும். வேர்டில் எழுதிப் பி.டி.எஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் சுற்றும் எங்கள் தமிழ்க் கையேடுகளுக்கு இந்த நாணயம் கிடையாது. அவை சாவதில்லை.

சொல்லும் ஒரு பிரச்சினை. எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது 'பணிசெயல் முறைமை'. தமிழ்நாட்டில் எழுதுவது 'இயங்குதளம்' அல்லது 'இயக்க முறைமை'. நானே இந்தக் கட்டுரையில் இயங்குதளம் என்றுதான் எழுதிவருகிறேன், கை பழகிவிட்டது. தன்னார்வலர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் கொஞ்சம் இங்கிருந்தும் வெவ்வேறு காலங்களில் மொழிபெயர்த்த மெனுக்களில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாருடைய சொல் சரி என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. திரையில் என்ன சொல் தெரிகிறதோ அதையே குறிப்பிலும் எழுத வேண்டும், அது பிடிக்காத சொல்லாக இருந்தாலும். இல்லாவிட்டால் பிள்ளை தேடிக் களைத்துவிடும்.

தமிழில் மான் பக்கம் எழுதினால் என்ன என்று ஒருகாலம் நினைத்தேன். கட்டளைகளை அடிக்கும் சாளரமான முனையத்தைத் திறந்து 'கொ' என்று அடித்துப் பார்த்தால் ஆசை தணிந்துவிடும். முனையம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு பெட்டி ஒதுக்கிப் பழகியது. கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம் என்று விரியும் எழுத்துக்கு அதற்குள் இடமில்லை. பல முனையங்களில் கொம்பு ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலுமாகச் சிதறிக் கிடக்கும். எனவே தமிழ் விளக்கத்துக்கு இப்போதைக்கு உலாவியோ காகிதமோதான் கதி.

என் 2018 குறிப்புக்கு இன்னொரு சாபமும் இருந்தது. அதைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். இங்கே அச்சகம், ரியூசன், கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினியில் பழகியவை, எனக்கும் கை அதில்தான் ஓடும். ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது, பாடபேதம் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. பன்னிரண்டு பக்கத்தையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றி கொஞ்சம் சொதப்பியது. இடையில் இருந்த ஆங்கிலக் கட்டளைகளையும் தமிழென்று நினைத்து அது மாற்றிவிட்டது, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்டேன்.

அந்தச் சலிப்பான வேலைக்கு நடுவில்தான் ஒன்று தெளிவாயிற்று. ஆங்கிலத்தில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பெரிய கையேட்டை முழுதாகத் தமிழாக்கி, பிறகு அதன் வாலைப் பிடித்து ஓட எங்களுக்கு ஆள் கிடையாது. ஆனால் சில பக்கங்கள் இருக்கின்றன, அவற்றை நாங்கள் எழுதாவிட்டால் உலகத்தில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. லினக்ஸில் ரெங்கநாதன் விசைப்பலகையை அமைப்பது எப்படி, பாமினிக் கோப்பை யூனிகோடாக்குவது எப்படி, எல்.கே சேவையகம் படுத்தால் என்ன செய்வது. விசைப்பலகைப் பக்கம் நல்ல உதாரணம். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் முறையில் ஒரு கட்டளையால் விசைப்பலகையை மாற்றிவிடலாம். உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் அதற்குப் பதிலாக இயல்பாகவே வேலண்ட் என்ற முறை வந்துவிட்டது, அந்தக் கட்டளை அங்கே எடுபடாது, அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இதைப் பற்றி ஆங்கிலக் கையேடு ஒன்றும் சொல்லாது, அவர்களுக்கு ரெங்கநாதனைத் தெரியாது. தமிழ்நாட்டுக் கையேடு தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லும். எங்கள் பக்கத்துக்கு நாங்கள்தான் உரிமையாளர், 1971 கையேட்டின் அர்த்தத்தில்.

ஆகவே பன்னிரண்டு பக்கத்தை ஐந்தாக்கினேன். கோப்பு அனுமதி, அடைவுகளின் அமைப்பு போன்றவற்றுக்கு இரண்டு பக்கம், அவை பல வருடம் தாங்கும். எங்களுக்கே உரிய விஷயங்களுக்கு இரண்டு. மானை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒன்று. திரையைப் பிடித்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெட்டும்போது மனம் கொஞ்சம் நொந்தது, குறிப்பாக வலையமைப்பு பற்றிய இரண்டு பக்கம், அந்தக் காலத்தில் மூன்று இரவு விழித்து எழுதியது. அதில் இருந்த 'இஃப்கொன்ஃபிக்' கட்டளை புதிய உபுண்டுவில் இயல்பாக இருப்பதுகூட இல்லை.

இப்போது முதல் வரியில் பெரிய எழுத்தில் இருப்பது: 'உபுண்டு 24.04இல் பார்த்தது', கீழே மாதமும் வருடமும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இந்தப் பக்கத்தைக் கடைசியாகச் செய்து பார்த்தவர்' என்று ஒரு கோடு. நான்காம் பக்கத்தின் கோட்டில் என் பெயர் இல்லை, அந்த முன்வரிசைப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. டெப்822 வடிவில் எந்த வரியை எப்படி மாற்றுவது என்று அவள்தான் செய்து பார்த்து எழுதினாள். நான் எழுதியிருந்தால் அரைப்பக்கம் போயிருக்கும், அவள் ஏழு வரியில் முடித்துவிட்டாள். வகுப்பில் எல்லோரிடமும் பென்சில் இருக்கிறது. குறிப்பில் எழுதியபடி நடக்காவிட்டால், முதலில் ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது புது ஒழுங்கு. மூன்று கிழமையில் பதினொரு குறிப்பு சேர்ந்தது. நாலு எழுத்துப்பிழை, ஐந்து உண்மையான பிழை, ஒன்று அவர்கள் விளங்கிக்கொண்டது பிழை என்று நான் நினைக்கிறேன், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றது, 'சேர், இந்த வசனம் விளங்கேல்லை' என்று மட்டும்.

பழைய பதிப்பில் முப்பது பிரதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. கீழ்க்கடைக்காரர் கச்சான் சுற்ற வாங்கிக்கொண்டார்.